மாறிலியா, மாறியா? கேம் எழுதும்போது நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மாறிக்கு (ஓடும்போது மாறக்கூடிய மதிப்பு) பதிலாக மாறிலி (கோடில் எழுதியபடியே நிற்கும் மதிப்பு) போட்டால் கேம் வேகமாக ஓடுமா என்று புதிதாக வருபவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய கணினியிலும் போனிலும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இந்த எண்ணை யார் மாற்றுவார்கள், எப்போது மாற்றுவார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ஒரு பிளாட்ஃபார்மர் (குதித்துத் தாண்டி ஆடும் கேம்) செய்துகொண்டிருந்த குழுவில் சேர்ந்தேன். ஈர்ப்பும் குதிக்கும் வேகமும் கான்ஸ்ட்டாக, அதாவது மாறிலியாக, இருந்தன. குதி கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று டிசைனர் சொன்னால் புரோகிராமர் எண்ணைத் திருத்தி, கம்பைல் (கோடை ஓடும் நிரலாக மாற்றுவது) முடியும்வரை காத்திருந்து, மறுபடி ஆடிக் காட்டுவார். ஆடிக்கொண்டே திருகிப் பார்க்க வேண்டிய விஷயம் அது!

அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, எவ்வளவு உயரம், உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் என்று இரண்டு மாறிகளை இன்ஸ்பெக்டரில் (யூனிட்டியில் மதிப்புகளைத் திருத்தும் பலகம்) வைத்தோம். உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தால் தொடக்க வேகம். அதை மறுபடியும் நேரத்தால் வகுத்தால் ஈர்ப்பு. 4 யூனிட் உயரம், 0.4 நொடி என்றால் வேகம் 20, ஈர்ப்பு 50. இந்தக் கணக்கை ஒவ்வொரு ஃபிரேமிலும் போட வேண்டாம், மதிப்பு மாறும்போது போட்டால் போதும். டிசைனர் யாரையும் கூப்பிடாமல் தானே சரிசெய்ய ஆரம்பித்தார். எனக்கு அது பெரிய நிம்மதி.

டைலுக்கு (காட்சியை அடுக்கும் சதுரத் துண்டு) 16 பிக்சல் என்பதை மட்டும் கான்ஸ்ட்டாகவே விட்டோம். படங்கள் எல்லாம் அந்த அளவுக்கு வரைந்தவை, அதை யாரும் தொடக் கூடாது.

அப்புறம் ஒன்று: இன்ஸ்பெக்டரில் ஒருமுறை சேமித்துவிட்டால் அந்த மதிப்புதான் நிற்கும். கோடில் தொடக்க மதிப்பை மாற்றினாலும் ஏற்கெனவே இருக்கும் பொருள்களுக்கு அது போய்ச் சேராது.

மறுமொழி 1

யூனிட்டியில் எழுதும் சி ஷார்ப் மொழியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவில் இருக்கும் கான்ஸ்ட்டின் மதிப்பைக் கம்பைலர், அதைப் பயன்படுத்தும் இடத்திலேயே பதித்துவிடும். எங்கள் பொது டிஎல்எல்லில் (தனியாகக் கம்பைல் செய்து கேமுடன் சேர்க்கும் கோப்பு) இருந்த ஓர் உச்சவரம்பை உயர்த்தி அந்த டிஎல்எல்லை மட்டும் புதுப்பித்தார்கள். கேம் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் கேமை மறுபடி கம்பைல் செய்யவில்லை. பின்னால் மாற வாய்ப்புள்ள எண்ணுக்கு ஸ்டேட்டிக் ரீட்ஒன்லிதான் சரி. அது ஓடும்போது படிக்கப்படும்.

மறுமொழி 2

நினைவகம் குறைவான கருவிகளில் கதையே வேறு. கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கேம் கருவியில் வேகமான உள் ரேம் 32 கிலோபைட்தான். 512 இடமுள்ள 16 பிட் சைன் அட்டவணைக்கு (முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சைன் மதிப்புகள்) 1 கிலோபைட் வேண்டும். அதன் முன்னால் கான்ஸ்ட் என்று போட்டால் கார்ட்ரிட்ஜின் ரோமிலேயே (படிக்க மட்டுமான நினைவகம்) இருந்துவிடும். போடாவிட்டால் ரேமுக்கு நகலெடுக்கப்பட்டு இடத்தைத் தின்னும்.

ஆனால் ஆர்டுபாய் என்ற சின்னக் கேம் கருவியில் கான்ஸ்ட் மட்டும் போதாது. மொத்த ரேம் 2.5 கிலோபைட். 128க்கு 64 பிக்சல் திரையின் படத்தை, பிக்சலுக்கு ஒரு பிட்டாக, வைத்திருக்கும் பஃபரே 1024 பைட் எடுத்துக்கொள்ளும். 32க்கு 32 கட்டமுள்ள லெவல் வரைபடம், கட்டத்துக்கு ஒரு பைட் என்றால், இன்னொரு 1024. மிச்சம் 512 பைட்டில் எதிரிகள், குண்டுகள், ஸ்டாக் (ஃபங்ஷன்கள் ஓடும்போது எடுக்கும் தற்காலிக இடம்) எல்லாம் அடங்க வேண்டும். கான்ஸ்ட் போட்டாலும் அந்த வரைபடம் ரேமுக்குத்தான் வரும். கூடவே புரோக்மெம் என்று குறித்தால்தான் ஃபிளாஷில் (நிரல் இருக்கும் நினைவகம்) தங்கும்.

மறுமொழி 3

அண்ணா, புரோக்மெம் போட்டதும் என் லெவல் கண்டபடி சிதறித் தெரிகிறது. ஏன்?

மறுமொழி 4

சாதாரண அரே (வரிசையாக வைத்த மதிப்புகள்) மாதிரி படிக்கிறீர்கள் போல, தம்பி. அப்படிப் படித்தால் அதே முகவரியில் ரேமில் இருப்பதுதான் கிடைக்கும். ஃபிளாஷிலிருந்து படிக்கத் தனி ஃபங்ஷன் இருக்கிறது, வரைபடத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் அதையே போடுங்கள். கம்பைல் முடிந்ததும் ஆர்டுயினோ மென்பொருள் கீழே காட்டும் ரேம் கணக்கையும் பாருங்கள். முன்பு இருந்ததைவிட 1024 பைட் குறைந்திருக்க வேண்டும்.