ஒன்றரை வயசு, நாலு வயசு ரெண்டு பேருக்கும் ஒரே சென்சரி தொட்டி: என்ன நிரப்பலாம்?

தொட்டில்பூ:
குளம், வயல்னு தீம் வச்சு சென்சரி தொட்டி (குழந்தைங்க கையால தொட்டு அளைஞ்சு விளையாட பொருள் நிரப்பி வைக்கிற தொட்டி) தயார் பண்ணணும். சின்னவனுக்கு ஒன்றரை வயசு, எதைப் பார்த்தாலும் வாய்க்குத்தான் போகுது. பெரியவளுக்கு நாலு. கலர் அரிசி செஞ்சதுல சாயம் கையில ஒட்டுது. பத்தே நிமிஷத்துல பாதி அரிசி தரையில. அளவோட சொல்லுங்க ப்ளீஸ்.

மரப்பாச்சி:
சாயம் ஒட்டினா தண்ணி அதிகமாயிருக்கும், இல்லேன்னா சரியா காயலை. ஒரு கப் பச்சரிசிக்கு ஒரு டீஸ்பூன் வெள்ளை வினிகர், கால் டீஸ்பூன் ஃபுட் கலர் போதும். ஜிப் கவர்ல போட்டு ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்குங்க. தண்ணி சொட்டுகூட வேண்டாம். தாம்பாளத்துல ஒரே அடுக்கா பரப்பி, நிழல்ல இடையிடையே கிளறி, ராத்திரி முழுக்க விடுங்க. வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பார்த்து கறை விழாம இருந்தா எடுத்து வைக்கலாம். மஞ்சள் தூள் போட்டா கையிலயும் துணியிலயும் கறை லேசுல போகாது.

ஆனா இந்த அரிசி பெரியவளுக்கு மட்டும்தான். சின்னவனுக்குப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தீமுக்குப் பொருந்துதான்னு பார்க்காதீங்க. வாயில, மூக்குல போனா என்ன ஆகும்னு பாருங்க. கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை எல்லாம் மூக்குக்குள்ள ஈரத்துல ஊறிப் பெருத்துடும், எடுக்கறது கஷ்டம். வேகாத ராஜ்மா வயித்துக்கும் ஆகாது. அழகா இருக்குன்னு குன்றிமணி, ஆமணக்கு விதையை வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, ரெண்டும் கடும் விஷம். ஜெல் மாதிரி ஊதிப் பெருக்கும் வாட்டர் பீட்ஸும் வேண்டவே வேண்டாம். முழுங்கினா குடல்லயே பெருத்து அடைச்சுக்கும், எக்ஸ்ரேயிலயும் பெரும்பாலும் தெரியாது.

பொம்மை எவ்வளவு பெருசா இருக்கணும்னா, டிஷ்யூ ரோல் நடுவுல இருக்கிற அட்டைக்குழாய்க்குள்ள நுழையற எதுவும் சின்னவன் தொட்டியில இருக்கக்கூடாது.

கூழாங்கல்:
குளத்துக்கு சைனா கிராஸ்தான் (ஜெல்லி செய்யற கடல்பாசி) என் சிபாரிசு. கொஞ்சம் வாயில போனாலும் விஷமில்லை, நம்ம ஊர் வெயில்லயும் உருகாது. 10 கிராம் பாக்கெட்ல பாதி எடுத்து அரை மணி நேரம் ஊற வச்சு, முக்கால் லிட்டர் தண்ணியில ஒரு இழைகூட தெரியாம கரையற வரைக்கும் கொதிக்க விடுங்க. நிறைய பேர் இங்கதான் அவசரப்படறாங்க, அப்புறம் உறையலைன்னு கேக்கறாங்க. அடுப்பை அணைச்சதும், பதினஞ்சு சங்குப்பூவை ஒரு டம்ளர் வெந்நீர்ல ஊற வச்சு வடிகட்டின நீலத் தண்ணியை ஊத்துங்க. தட்டுல ஊத்தி ஆற விட்டா ஃபிரிட்ஜ் இல்லாமலே உறைஞ்சிடும்.

முழுப் பாக்கெட்டையும் போடாதீங்க. கெட்டியா உறைஞ்சா கடிக்கும்போது வழுக்கற துண்டா வந்து தொண்டையை அடைக்கும். பாதி போட்டாலும் சதுரமா வெட்டாம முள்கரண்டியால நல்லா உதிர்த்து விடுங்க. மேல வாழையிலையை வட்டமா வெட்டிப் போட்டா தாமரை இலை. பெரிய வாத்து பொம்மை ரெண்டு போதும்.

பெரியவளுக்கு ஒரு எலுமிச்சை மூடி குடுங்க. பிழிஞ்ச இடம் மட்டும் நீலம் ஊதாவாகி ரோஸ் ஆகும், விரலால கலக்கக் கலக்கக் கோடு கோடா பரவும். கொதிக்கும்போதே எலுமிச்சை சேர்த்தா சரியா உறையாது, கடைசியா மட்டும்.

வயலுக்கு, வறுத்த அரிசி மாவு நாலு கப்புக்கு அரை கப் எண்ணெய், ரெண்டு ஸ்பூன் கோகோ பவுடர். பிடிச்சா பிடி நிக்கணும், அமுக்கினா உதிரணும். உதிராம பிசுபிசுன்னு இருந்தா இன்னும் மாவு சேருங்க. கடலை எண்ணெய் வேண்டாம், வேர்க்கடலை அலர்ஜி இருக்கான்னு இந்த வயசுல தெரிஞ்சிருக்காது. உப்பு மாவை (உப்பு நிறைய சேர்த்துப் பிசையற விளையாட்டு மாவு) வாயில போடற குழந்தைகிட்ட குடுக்காதீங்க.

பம்பரம்:
கொட்டறதைப் பத்தி. ஒன்றரை வயசுல நிரப்பிக் கவிழ்க்கறதுதான் விளையாட்டே. கவிழ்க்க இடம் இல்லேன்னாதான் வெளிய கொட்டுவாங்க. அதனால தொட்டிக்குள்ளயே ஒரு டம்ளர், ஒரு கிண்ணம், ஒரு குழிக்கரண்டி வைங்க. அதுக்கு மேல பொருள் போட்டா வீசத்தான் செய்வாங்க. பெரியவளோட தொட்டிக்கும் அரிசி அதிகம் வேண்டாம்: 40 செ.மீ.க்கு 30 செ.மீ. தொட்டியில அஞ்சு செ.மீ. உயரத்துக்கு அரிசி நிரப்பினா கிட்டத்தட்ட அஞ்சு கிலோ ஆகும். ரெண்டு படி அளவுக்கு மேல எதுக்கு?

கீழே பழைய புடவையை ரெண்டா மடிச்சு விரிங்க. முடிஞ்சதும் நாலு முனையையும் தூக்கினா எல்லாம் திரும்ப தொட்டிக்குள்ள. மாவு வைக்கும்போது ஃபேனை நிறுத்திடுங்க.

தொட்டில்பூ:
ரொம்ப நன்றி. செஞ்ச ஜெல்லியை எத்தனை நாள் வச்சுக்கலாம்?

கூழாங்கல்:
கை பட்டது அன்னிக்கே குப்பைக்குத்தான். கை படாததை மூடி ஃபிரிட்ஜ்ல ரெண்டு நாள் வைக்கலாம். தண்ணி விட்டிருந்தா வடிச்சுட்டுக் குடுங்க.

மரப்பாச்சி:
கலர் அரிசியை காத்து புகாத டப்பால மாசக்கணக்கில வச்சுக்கலாம். ரெண்டு காய்ஞ்ச வேப்பிலைக் கொத்து போட்டா வண்டு வராது. எடுக்கும்போது இலையை வெளிய எடுத்துடுங்க, சின்னவன் கைக்குப் போயிடும்.