புதுப்பிப்பு: கார் இல்லாமல் தேயா, லா ரெசிடென்சியா விடுதி

ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள தேயா மலைக்கிராமத்தில் லா ரெசிடென்சியா விடுதியில் தங்கப் போகிறோம், வாடகைக் கார் இல்லாமல் முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிந்தது!

தீவின் தலைநகர் பால்மாவிலிருந்து 203ஆம் எண் பேருந்தில் போகச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. வால்தெமோசா வழியாக நேரே தேயாவில் இறங்கினோம். பால்மாவிலேயே ஏறிவிடுங்கள், வழியில் ஏறியவர்கள் மலை வளைவுகளில் நின்றுகொண்டே வந்தார்கள்.

எதிர்பாராதது விடுதியின் படிகள். விடுதிக் கட்டடங்கள் 16, 17ஆம் நூற்றாண்டு மாளிகைகள், மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்பச் சிரமப்பட்டார். பெரியவர்களோடு போனால் படி குறைவான அறையை முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பழைய ஆலிவ் செக்கு இருந்த கூடத்தில்தான் விடுதியின் எல் ஒலிவோ உணவகம். ஒரு இரவாவது அங்கே சாப்பிடுங்கள், அவ்வளவு அழகு.