மூன்று வருடப் பட்டத்தோடு ஜப்பானில் முதுகலை சேர முடியுமா?

தாம்வே_கயல்:
எல்லோருக்கும் வணக்கம். மியான்மரில், யாங்கூனில் இருக்கிறேன், வயது 25. பழைய முறையில் பத்தாம் வகுப்பு முடித்து, தாவரவியலில் மூன்று வருட பி.எஸ்சி. வாங்கினேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 (ஐந்து நிலைகளில் நடு நிலை) பாஸ். ஜப்பானில் முதுகலை படிக்க ஆசை. ஆனால் ஏஜெண்ட் ஒருவர், "உன் பட்டம் அங்கே செல்லாது, முதலில் இரண்டு வருடம் மொழிப் பள்ளியில் சேர்" என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். உண்மையிலேயே செல்லாதா?

மோல்மேன்_ராஜா:
வருடக் கணக்குதான் இடிக்கும் என்று கேள்வி. ஜப்பானில் படித்த தட்டோன் அண்ணன் இங்கே இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

தட்டோன்காரன்:
தங்கச்சி, நகையை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

ஜப்பானில் பள்ளி 12 வருடம், பல்கலைக்கழகம் 4 வருடம், மொத்தம் 16. முதுகலைக்குப் பொதுவாக அந்த 16ஐப் பார்ப்பார்கள். நம் பழைய முறையில் கேஜியோடு சேர்த்துப் பள்ளி 11, பட்டம் 3, ஆக 14. உங்கள் பட்டம் செல்லாது என்பது சரியில்லை, வருடம்தான் குறைகிறது. மொழிப் பள்ளியில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த இரண்டு வருடம் நிரம்பாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் ஒரு ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவன். காலையில் வகுப்பு, சாயங்காலம் பெந்தோ (டப்பா சாப்பாடு) தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா விடாது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடிய பிறகுதான் ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் குறிப்பில் அந்த வரியைப் பார்த்தேன்: 22 வயது நிரம்பியவர், தனித் தகுதிப் பரிசீலனையில் தேறினால் விண்ணப்பிக்கலாம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கு "ஷுட்சுகன் ஷிகாகு ஷின்சா" என்று பெயர். ஒவ்வொரு முதுகலைப் பிரிவும் தானே முடிவு செய்யும். நீங்கள் படித்தது, செய்த வேலை, ஆய்வு எல்லாவற்றையும் பார்த்து, நாலு வருடப் பட்டதாரிக்குச் சமமா என்று எடை போடுவார்கள். கவனம், இதன் கடைசித் தேதி நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே வந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு பேராசிரியர் வேண்டும். நம் ஊரில் சயாவிடம் (ஆசிரியரிடம்) போய் நிற்பது போலத்தான் அங்கே சென்சே. என்ன ஆய்வு செய்ய நினைக்கிறீர்கள் என்று அவருக்கு எழுதுங்கள், 14 வருடக் கணக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் நான் "ஜப்பானில் படிக்க விரும்புகிறேன்" என்று மட்டும் பலருக்கு எழுதினேன், ஒருவரும் பதில் போடவில்லை. நர்கிஸ் புயலுக்குப் பிறகு எங்கள் மாமா வயலில் உப்பு ஏறிய கதையையும், நான் இரண்டு வருடம் குறித்து வைத்த அளவுகளையும் எழுதிய பிறகுதான் ஒருவர் பதில் போட்டார்.

பலர் முதலில் கென்க்யூசே, அதாவது ஆய்வு மாணவராகச் சேர்கிறார்கள். பட்டம் கிடையாது, பேராசிரியரின் ஆய்வகத்தில் இருந்துகொண்டு தேர்வுக்குத் தயாராகலாம். பெரும்பாலான தேசியப் பல்கலைக்கழகங்களில் அதற்குச் சேர்க்கைக் கட்டணம் 84,600 யென், மாதம் 29,700 யென். முதுகலைக்குச் சேர்க்கை 2,82,000, வருடத்துக்கு 5,35,800. கட்டணத்தில் பாதியோ முழுவதுமோ தள்ளுபடி கேட்கவும் வழி உண்டு. தூதரகம் வழியாகக் கிடைக்கும் ஜப்பான் அரசு உதவித்தொகையையும் விட்டுவிடாதீர்கள், அதில் கட்டணமே இல்லை.

தாம்வே_கயல்:
அண்ணே, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என்னிடம் ஆய்வு என்று எதுவும் இல்லையே. தனியார் பள்ளியில் மூன்று வருடமாகப் பாடம் எடுக்கிறேன். சித்தப்பா ஊர் டெல்டா பக்கம், அங்கே போகும்போதெல்லாம் ஓடைக்கரைக் கண்டல் செடிகளை உலர்த்தி ஒட்டி வைப்பேன். நூற்றுக்கு மேல் இருக்கும், தேதியும் இடமும் எழுதியிருக்கிறேன்.

தட்டோன்காரன்:
அதுதானே ஆய்வு! ஒவ்வொன்றையும் படம் எடுத்து வரிசைப்படுத்துங்கள். பள்ளியில் அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள்.

அப்புறம், பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் ஆங்கிலப் பிரதி இரண்டு செட், நீங்கள் யாங்கூனில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். நான் அங்கே போன பிறகு கேட்டேன். என் அக்கா இங்கே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தும் மூன்று மாதம் ஆனது, அந்த வருடப் பரிசீலனை தவறிப்போனது.

தாம்வே_கயல்:
திங்கட்கிழமையே அப்பாவோடு போய்க் கேட்கிறேன் அண்ணே.

தட்டோன்காரன்:
போகும்போது பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். நம் ஆட்களுக்குப் பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். எனக்குப் பட்டத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பத்திரம் எழுத வேண்டியதாயிற்று. உங்களுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.