உதவி: இன்னிஸ்ட்ராட் ரீமாஸ்டர்டு வாங்கினோம், பழைய கார்டும் புதிய கார்டும் கலந்து விளையாடும்போது ஓநாய்மனிதர்கள் எப்போது திரும்புவார்கள்?

சீட்டுக்கட்டு:

மேஜிக் தி கேதரிங் சீட்டாட்டம் விளையாடுபவர்கள் யாராவது இருந்தால் தீர்ப்பு சொல்லுங்கள், வீட்டில் சண்டை ஓயவில்லை.

2025 ஜனவரியில் வந்த இன்னிஸ்ட்ராட் ரீமாஸ்டர்டு என்ற மறுபதிப்பு செட்டின் பூஸ்டர்கள் (சீட்டுப் பொட்டலங்கள்) கொஞ்சம் வாங்கி, அவற்றோடு தம்பி வைத்திருந்த பழைய இன்னிஸ்ட்ராட் கார்டுகளையும் சேர்த்து இரண்டு டெக் கட்டினோம். பேய், ரத்தக்காட்டேரி, ஓநாய்மனிதன் என்று பார்க்கவே அருமையாக இருக்கிறது. ஆட ஆரம்பித்ததும்தான் தகராறு.

என் பக்கம் இரண்டு ஓநாய்க்காரர்கள், முன்பக்கம் மனிதன், திருப்பினால் பின்பக்கம் ஓநாய் என்ற இருபக்கக் கார்டுகள். ஒருவர் 2012 டார்க் அசென்ஷனில் வந்த ஹன்ட்மாஸ்டர் ஆஃப் தி ஃபெல்ஸ். இன்னொருவர் 2021 மிட்நைட் ஹன்ட்டில் வந்த டோவோலார்ஸ் ஹன்ட்மாஸ்டர். அதில் மட்டும் டேபவுண்ட் (பகல் இரவு விதிக்குக் கட்டுப்பட்டது) என்று எழுதியிருக்கிறது.

நிலைமை இதுதான். பகல். என் டர்னில் நான் எந்த ஸ்பெல்லும் போடவில்லை, சும்மா விட்டுவிட்டேன். ஆனால் என் டர்ன் நடக்கும்போதே தம்பி ஒரு இன்ஸ்டன்ட் (யார் டர்னிலும் போடக்கூடிய ஸ்பெல்) போட்டு என் ஓநாய் டோக்கன் ஒன்றைக் கொன்றான். அடுத்து அவன் டர்ன். "ஒரு ஸ்பெல் போட்டாகிவிட்டதே, அதனால் யாரும் திரும்பக் கூடாது" என்கிறான் அவன். "நீ போட்டது கணக்கில் வராது, இரண்டு பேரும் திரும்ப வேண்டும்" என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

நடுராத்திரி:

நீங்கள்தான் சரி சகோ. 2021இல் பகல் இரவு விதி வந்த பிறகு எல்லா ஓநாய்மனிதர்களும் அதன்படிதான். டர்ன் யாருடையதோ அவர் ஸ்பெல் போட்டாரா என்பது மட்டுமே கணக்கு. இரண்டையும் திருப்புங்கள்.

விதிமூட்டை:

மேலே உள்ள பதிலை நம்பி கார்டைத் திருப்பிவிடாதீர்கள். பழைய ஓநாய்மனிதர்களுக்கு டேபவுண்ட் கொடுத்துத் திருத்தம் எதுவும் வரவில்லை. கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் இன்றைக்கும் விதி. மறுபதிப்பு செய்தாலும் அப்படித்தான். ரீமாஸ்டர்டு என்றால் புதுப் படம், புதுச் சட்டகம் என்று ஆயிரம் அலங்காரம் வரும், கார்டு செய்யும் வேலை மாறாது.

ஆகவே உங்கள் வழக்கில் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வெற்றி. டோவோலார்ஸ் ஹன்ட்மாஸ்டர் திரும்புவார். ஹன்ட்மாஸ்டர் ஆஃப் தி ஃபெல்ஸ் திரும்ப மாட்டார்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய கார்டு ஒவ்வொரு அப்கீப்பின் (டர்னில் அன்டாப் ஸ்டெப்புக்கு அடுத்த கட்டம்) தொடக்கத்திலும் கேட்பது, "போன டர்னில் யாருமே ஸ்பெல் போடவில்லையா?" என்று. யாருமே என்றால் யாருமேதான். எதிராளி ஒரே ஒரு இன்ஸ்டன்ட் போட்டிருந்தாலும் போதும், கதை முடிந்தது. உங்கள் தம்பி போட்டுவிட்டார், அதனால் ஹன்ட்மாஸ்டர் மனிதராகவே இருப்பார்.

டேபவுண்ட் கேட்பது வேறு. பகலாக இருந்து, போன டர்னுக்கு உரியவர் தன் டர்னில் ஒரு ஸ்பெல்கூடப் போடாமல் விட்டால் இரவு. அவ்வளவுதான். உங்கள் டர்னில் நீங்கள் போடவில்லை. தம்பி போட்டது அங்கே எண்ணப்படாது. இரவாகிவிட்டது, டோவோலார் ஆள் 7/7ஆக (பலம் 7, தாங்கும் திறன் 7) திரும்பிவிடுவார்.

நேரமும் வேறு. டேபவுண்ட் மாற்றம் அடுத்த டர்னின் அன்டாப் ஸ்டெப்பிலேயே, கார்டுகளை நிமிர்த்துவதற்கு முன்பே நடந்துவிடும். அது ஸ்டாக்கில் (எதிராளி பதில் தரக்கூடிய காத்திருப்பு வரிசை) ஏறாது, அந்த நேரத்தில் யாரும் எதுவும் போட முடியாது. பழைய கார்டுடையது அப்கீப் ட்ரிக்கர், ஸ்டாக்கில் ஏறும். திரும்புவதற்கு முன்னால் அதை ஒரு இன்ஸ்டன்ட்டால் கொல்ல முடியும். ஹன்ட்மாஸ்டரை அப்படிக் கொன்றுவிட்டால் பின்பக்கத்து ரேவஜர் தரும் 2 டேமேஜும் கிடையாது. ஆனால் அதே அப்கீப்பில் ஏதாவது ஒரு ஸ்பெல் போட்டுத் திரும்புவதையே தடுக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். முடியாது, கேள்வி போன டர்னைப் பற்றியது.

சீட்டுக்கட்டு:

அடேயப்பா! நன்றி. அப்படியென்றால் ஒரே மேஜையில் ஒருத்தர் ஓநாய், பக்கத்தில் இருப்பவர் மனிதர், இப்படி இருப்பது சரிதானா? பகல் இரவு காட்டும் கார்டை இரவுப் பக்கம் வைத்திருக்கும்போது ஹன்ட்மாஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது ஒரு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. மனிதர்களாக மாறுவதற்கு இரண்டு ஸ்பெல் என்கிறார்களே, அது யார் யாருடையது? அடுத்த டர்னில் தம்பி ஒன்று போட்டான், அவன் டர்னிலேயே நானும் ஒன்று போட்டேன். மொத்தம் இரண்டு ஆயிற்றே?

விதிமூட்டை:

ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனால் சரியானது. அந்தப் பகல் இரவு கார்டு பழைய ஆட்களுக்குக் கட்டுப்பட்டதல்ல. அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பேசாமல் ஹன்ட்மாஸ்டர் மாதிரி கார்டுகளைத் தனியாக ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் குறையும்.

இரண்டு ஸ்பெல் கணக்கில் கூட்டல் கிடையாது. பழைய கார்டு, போன டர்னில் "ஒரு ஆட்டக்காரர்" இரண்டோ அதற்கு மேலோ போட்டாரா என்று கேட்கிறது. யாராக இருந்தாலும் சரி, ஆனால் ஒரே ஆள். பகல் இரவு விதி, அந்த டர்னுக்கு உரியவர் இரண்டு போட்டாரா என்று மட்டும் கேட்கிறது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்த உங்கள் இரண்டு இரண்டு இடத்திலும் செல்லாது. யாரும் மாற மாட்டார்கள்.

வேடிக்கை எங்கே வரும் தெரியுமா? உங்கள் டர்னில் நீங்கள் எதுவும் போடாமல், தம்பி மட்டும் இரண்டு இன்ஸ்டன்ட் போட்டால். அப்போது ஓநாயாக இருக்கும் ரேவஜர் மனிதராகத் திரும்பிவிடுவார், திரும்பும்போது ஒரு ஓநாய் டோக்கனும் 2 லைஃபும் உங்களுக்கே தருவார். இரவோ இரவாகவே இருக்கும். தம்பி யோசிக்காமல் போட்டால் உங்களுக்கு லாபம்.

பச்சை_மலை:

எதெல்லாம் ஸ்பெல் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த சண்டை அதில்தான் வரும். லேண்ட் போடுவது ஸ்பெல் அல்ல. எதிராளி கவுன்டர் (ரத்து) செய்துவிட்டாலும் போட்டது போட்டதுதான், எண்ணிக்கையில் சேரும். ஃப்ளாஷ்பேக்கில் கல்லறையிலிருந்து போடுவதும் சேரும். ஒரு ஸ்பெல்லை நகல் எடுத்தால் அந்த நகல் சேராது, அதை யாரும் போடவில்லை. க்ரீச்சரின் ஆபிலிட்டியை எத்தனை முறை இயக்கினாலும் சேராது.

ஓநாய் டெக் ஆடுபவர்களின் பழைய வித்தையே இதுதான். மானா (கார்டு போடச் செலவிடும் சக்தி) கையில் இருக்கும், ஸ்பெல் போடாமல் ஆபிலிட்டிகளில் செலவழித்துவிட்டுச் சும்மா விடுவார்கள். எதிராளிக்கு எரிச்சல் வரும்.

சீட்டுக்கட்டு:

இதையும் கேட்டுவிடுகிறேன். தம்பியிடம் ப்ரூட்டல் கேதார் என்ற டேபவுண்ட் கார்டு இருக்கிறது. இரவு நேரத்தில் அதைப் போட்டு என் டோவோலார் ஆளை எக்ஸைல் செய்வேன் (களத்திலிருந்து விலக்குவேன்) என்றான். நான் சம்மதிக்கவில்லை. மூன்மிஸ்ட் வேறு வைத்திருக்கிறான்.

விதிமூட்டை:

சம்மதிக்காதீர்கள். இரவில் டேபவுண்ட் கார்டு களத்துக்குள் வரும்போதே பின்பக்கமாகத்தான் வரும். ஸ்டாக்கில் இருக்கும்வரை முன்பக்கம், மானாச் செலவும் முன்பக்கத்துச் செலவுதான். ஆனால் உள்ளே கால் வைப்பது அதன் பின்பக்கமான மூன்ரேஜ் ப்ரூட். எக்ஸைல் செய்யும் வேலை முன்பக்கத்தில் இருக்கிறது, அதனால் அப்போது எதுவும் நடக்காது.

ஆனால் அத்தோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பகலாகும்போது அது ப்ரூட்டல் கேதாராகத் திரும்பும், திரும்பும்போதும் எக்ஸைல் உண்டு. மறுபடி இரவாகி மறுபடி பகலானால் இன்னொன்று போகும். கேதாரை அடித்து அனுப்பினால் போனதெல்லாம் திரும்பி வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அதைத்தான் கொல்வேன். இரவில் அது ப்ரூட், குறிவைத்தால் 3 லைஃப் கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் டோவோலார் ஆளுக்கு இதே விதி லாபமானது. அவரை இரவில் போட்டால் நேரே பின்பக்கமாக வருவார். பின்பக்கம் களத்துக்கு வரும்போதும் தாக்கும்போதும் இரண்டிரண்டு ஓநாய் தரும். பகலில் போட்டால் வரும்போது மட்டும்தான் இரண்டு. பொறுமையிருந்தால் இரவுக்காகக் காத்திருங்கள்.

மூன்மிஸ்ட் 2011 இன்னிஸ்ட்ராட் கார்டு, மனிதர்களையெல்லாம் திருப்பும். ஆனால் டேபவுண்ட் உள்ளவை பகல் இரவு மாறினால் தவிர வேறு எதனாலும் திரும்ப மாட்டா. மூன்மிஸ்ட் போட்டால் ஹன்ட்மாஸ்டர் ஆஃப் தி ஃபெல்ஸ் திரும்புவார், டோவோலார் ஆளும் கேதாரும் அசைய மாட்டார்கள். டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ் வைத்திருந்தால் அதுவும் திரும்பும், மந்திரவாதியாக இருந்தாலும் அவன் மனிதன்தானே.

நடுராத்திரி:

ஓ, மூன்மிஸ்ட் வேலை செய்யாதா? எங்கள் குழுவில் எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். சரி, எல்லா ஓநாயும் செத்துப்போனால் பகல் இரவு என்னாகும்? நிறுத்திவிடலாமா?

விதிமூட்டை:

நிறுத்த முடியாது. ஆட்டம் தொடங்கும்போது பகலும் இல்லை, இரவும் இல்லை. டேபவுண்ட் உள்ள கார்டு ஒன்று களத்துக்கு வந்ததும் பகல் ஆரம்பிக்கும். அதன்பின் ஆட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், களத்தில் ஒரு ஓநாய்கூட இல்லாவிட்டாலும். எல்லோரும் மறந்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து யாராவது இன்னொரு டேபவுண்ட் கார்டு போடும்போது "இப்போது என்ன நேரம்?" என்று விழிப்பார்கள். பகல் இரவு கார்டு இல்லையென்றால் ஒரு நாணயத்தை நடுவில் வையுங்கள், பூ பகல் தலை இரவு என்று.

கமாண்டர் என்ற பலர் ஆடும் ஆட்டவகையில் நான்கு பேர் ஆடும்போது இந்த இரண்டு விதிக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிதாகும். பழைய ஓநாய் திரும்ப நான்கு பேருமே ஒரு டர்ன் முழுக்கக் கைகட்டி உட்கார வேண்டும், நடக்கிற காரியமா? டேபவுண்டுக்கு ஒரே ஒருவர் தன் டர்னில் போடாமல் விட்டால் போதும்.

ஈரக்காற்று:

குறுக்கே வருகிறேன். எனக்கு வேறு பிரச்சினை. இதே செட்டில் கலெக்டர் பூஸ்டர் ஒன்று உடைத்தேன், ஃபாயில் கார்டுகள் எல்லாம் ஒரே வாரத்தில் வளைந்துவிட்டன. சிங்கப்பூரில் இருக்கிறேன். கெட்டுப்போன சரக்கா?

பச்சை_மலை:

கெட்ட சரக்கு என்று சொல்ல முடியாது. ஃபாயில் கார்டில் ஒரு பக்கம் காகிதம், மேலே ஈரம் இழுக்காத பளபளப்பு அடுக்கு. காற்றில் ஈரம் கூடினால் காகிதம் மட்டும் விரியும், அடுக்கு அப்படியே இருக்கும், கார்டு வளையும். வறண்ட ஊருக்குக் கொண்டுபோனால் எதிர்ப்பக்கம் வளையும். உங்கள் ஊர்க் காற்றுக்குச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா நல்லது. ஆனால் ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள், அளவு மீறினால் மறுபக்கம் வளைந்துவிடும். அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நேராகும் வரை போட்டிக்கு எடுத்துப் போகவும் வேண்டாம், டெக்கில் வளைந்த கார்டு மட்டும் தனியாகத் தெரிந்தால் அடையாளமிட்ட கார்டு என்று நடுவர் சொல்லக்கூடும்.

சீட்டுக்கட்டு:

போட்டி என்றதும் ஞாபகம் வந்தது. பூஸ்டரில் எட்கர் மார்கோவ் கார்டு கிடைத்தது, தம்பி முகம் செத்துப்போயிற்று. புது செட்டில் வந்ததால் அதை மாடர்ன் ஃபார்மட்டில் (எந்தக் கார்டுகள் செல்லும் என்று வரையறுத்த ஆட்டவகை) ஆடலாமா? அப்புறம் அரீனாவில் (மேஜிக்கின் டிஜிட்டல் விளையாட்டு) தேடினேன், இந்த செட்டே இல்லையே?

நடுராத்திரி:

இதற்காவது நான் சரியாகச் சொல்கிறேன். மறுபதிப்பு செட்டில் வந்ததால் மட்டும் ஒரு கார்டுக்குப் புதிய ஃபார்மட் கிடைக்காது. எட்கர் முதலில் 2017 கமாண்டர் டெக்கில் வந்தவர். அதனால் கமாண்டர், லெகஸி, வின்டேஜ் மட்டும். மாடர்னிலும் ஸ்டாண்டர்டிலும் இல்லை.

அரீனாவில் நீங்கள் பார்க்கும் ஷேடோஸ் ஓவர் இன்னிஸ்ட்ராட் ரீமாஸ்டர்டு வேறு, அது 2023இல் அரீனாவுக்காகவே செய்தது. 2016இன் இரண்டு செட்களிலிருந்து எடுத்தது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஆட்கள் குழம்புகிறார்கள். உங்களிடம் இருப்பது காகிதத்தில் வந்தது, 2011 தொடங்கி 2021 வரை வந்த எல்லா இன்னிஸ்ட்ராட் செட்களிலிருந்தும் பொறுக்கியது.

விதிமூட்டை:

இருபக்கக் கார்டுகளுக்கு முதுகு மறைக்கும் ஸ்லீவ் போட்டீர்களா? கண்ணாடி ஸ்லீவ் என்றால் கையில் இருப்பது என்ன என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும், தம்பி பார்த்துக்கொண்டேதான் இருப்பார். ஸ்லீவ் இல்லாமல் ஆடினால் டெக்கில் மாற்றுக் கார்டு வைத்து, அசலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கட்டு:

கண்ணாடி ஸ்லீவ்தான்! இப்போதுதான் புரிகிறது, நான் ஹன்ட்மாஸ்டரை எடுக்கும்போதெல்லாம் அவன் ஒரு இன்ஸ்டன்ட்டைத் தயாராக வைத்திருந்ததன் ரகசியம். கறுப்பு ஸ்லீவ் ஆர்டர் போட்டாயிற்று. தம்பிக்கு இந்த இழையை அனுப்பினேன், "மூன்மிஸ்ட் விஷயம் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்கிறான்.

விதிமூட்டை:

டேபவுண்ட் பக்கத்து அடைப்புக்குறி விளக்கத்தில் மூன்மிஸ்ட் பற்றி எதுவும் இருக்காது, அதனால்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். கேதரர் என்ற அதிகாரபூர்வ கார்டுத் தளத்தில் மூன்மிஸ்ட்டைத் தேடாமல் டோவோலார்ஸ் ஹன்ட்மாஸ்டரைத் தேடி, கீழே இருக்கும் விளக்கக் குறிப்புகளைக் காட்டுங்கள்.