மறு: மார்மன் திருச்சபை நிர்வாகச் சொற்கள் – ஸ்டேக், வார்டு, பிஷப்

வணக்கம். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் நிர்வாகச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் அட்டவணை பற்றி. வார்டு என்பது ஒரு பகுதியின் சபை; பல வார்டுகள் சேர்ந்தது ஸ்டேக். நீங்கள் எழுதியது:

> ஸ்டேக் = மறைமாவட்டம், வார்டு = பங்கு, பிஷப் = ஆயர் என்று போட்டுவிடலாமே. கத்தோலிக்கரிடம் இருக்கும் சொற்கள்தானே.

போடலாம், ஆனால் அடுக்கு தலைகீழாகிவிடும். மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். மார்மன்களிடமோ ஸ்டேக்குக்குத் தனித் தலைவர்; அவருக்குக் கீழே வார்டுக்கு ஒரு பிஷப். இவர் குடும்பஸ்தர், சம்பளம் கிடையாது, வாரநாட்களில் தன் பிழைப்பைப் பார்ப்பவர். 1831-இல் முதல் பிஷப்பான எட்வர்ட் பாட்ரிட்ஜ் தொப்பி செய்து விற்றவர். சொத்துகளைப் பெற்றுப் பகிர்வதும் ஏழைகளைக் கவனிப்பதும்தான் அவருக்கு இட்ட வேலை. பிறகு மார்மன்கள் குடியேறிய யூட்டாவில் பணப்புழக்கம் குறைவு. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கோதுமை, வெண்ணெய், முட்டை, ஆடுமாடு என்று வந்து இறங்கும். கணக்கெழுதி வாங்கி, கெட்டுப்போவதற்குள் இல்லாதவர்களுக்குக் கொடுப்பது பிஷப்பின் பாடு. இவரை ‘ஆயர்’ என்றால் கோலும் மோதிரமும்தான் கண்முன் வரும். ‘பிஷப்’ என்றே இருக்கட்டும்.

வார்டு எளிது. இல்லினாயின் நாவூவில் நகர வார்டுகளுக்கு ஆளுக்கொரு பிஷப்பை அமர்த்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மாநகராட்சி ‘வட்டம்’ அப்படியே பொருந்தும். தாலுகாவும் வட்டம்தானே என்பீர்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஸ்டேக்தான் சிக்கல். ஒருவர் ‘கிளை’ என்றார்; வட்டம் அளவுக்கு ஆள் சேராத சிறிய சபைக்கு அவர்களிடம் அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. ஸ்டேக்கின் மூலம் ஏசாயா 54:2. தமிழ் வேதாகமத்தில் ‘உன் முளைகளை உறுதிப்படுத்து’. சீயோன் கூடாரம், சுற்றி அடித்த முளைகள் இந்தச் சபைத் தொகுதிகள். 1834-இல் ஓஹாயோவின் கர்ட்லண்டில் பன்னிரண்டு பேர் கொண்ட உயர்மன்றத்தோடு முதல் ஸ்டேக் அமைந்தது. வெறும் ‘முளை’ என்றால் விதைதான் நினைவுக்கு வரும். அதனால் ‘முளையம்’. கொஞ்சம் செயற்கைதான், ஆனால் வேர் சரி.

அப்புறம், சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்குப் பன்னிருவர் ‘குழு’ வேண்டாம், ‘அவை’ என்று வைப்போம். 1844-இல் கார்த்தேஜ் சிறையில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டபோது, அவருடைய ஆலோசகர் சிட்னி ரிக்டன் தானே சபையின் காப்பாளர் என்று உரிமை கோரினார். பெரும்பான்மையோர் பிரிகாம் யங் தலைமையிலான பன்னிருவரின் பக்கம் போனார்கள். 1847 டிசம்பரில் யங் தலைவராகும் வரை அந்தப் பதவியே நிரப்பப்படவில்லை, ஆண்டது அவர்கள்தான். 1877-இல் யங் இறந்தபிறகும் மூன்று வருடம் அதே கதை. 1898-இல் அப்போதைய தலைவர் உட்ரஃப் இறந்தபோதுதான் சில நாட்களிலேயே லொரென்சோ ஸ்னோ தலைவரானார். மூத்த அப்போஸ்தலர் உடனே பதவியேற்கும் வழக்கம் அதிலிருந்து நிலைத்தது. இத்தனை அதிகாரம் வைத்திருந்தவர்களைக் ‘குழு’ என்றால் ஏதோ விழாக் கமிட்டி போலிருக்கிறது.

மறுப்பு இல்லையென்றால் முளையம், வட்டம், கிளை, பன்னிருவர் அவை நான்கையும் அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன். தலைவரும் இரு ஆலோசகர்களும் சேர்ந்த ‘ஃபர்ஸ்ட் பிரசிடென்சி’க்கு ‘முதன்மைத் தலைமை’ சரியா, சொல்லுங்கள்.