'டேஞ்சர் சர்க்கிள்': தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

நில அளவையில் வரும் 'டேஞ்சர் சர்க்கிள்' என்பதற்கு 'அபாய வட்டம்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. என்ன அபாயம் என்பதை அந்தச் சொல் சொல்லவே இல்லை.

1802இல் நில அளவையாளர் லாம்ப்டன் பரங்கிமலை அருகே தொடக்கக் கோடாக 7 மைலுக்கு மேல் அடிக்கோடு அளந்து, அதிலிருந்து அளவை முக்கோணங்களை மேற்கே மைசூர்ப் பக்கம் கொண்டுபோனார். இப்படிப்பட்ட முக்கோணங்களுக்குள் ஓடை, ஊர், முகடுகளை நிரப்ப உதவியது பிளேன் டேபிள், அதாவது வரைபடத் தாள் பொருத்திய முக்காலி மேசை. மேசையை நாட்டி மட்டம் பார்த்து, தாளில் ஏற்கெனவே குறித்த மூன்று முகடுகளைப் பார்த்துக் கோடு இழுத்தால் நாம் நிற்கும் புள்ளி கிடைக்கும். மேசை சற்றே திரும்பியிருந்தால் மூன்று கோடும் ஒரே இடத்தில் கூடாது; சின்னதாகப் பிழை முக்கோணம் விழும். திருவண்ணாமலைக் கவுத்தி மலையில் காந்தக்கல் உண்டு. அங்கே திசைகாட்டியை நம்பி மேசையைத் திருப்பினால் பிழை முக்கோணம் பெரிதாகவே விழும். பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்று முகடுகளின் வழியே போகும் வட்டத்தின் மேலேயே நின்றால்தான் வம்பு. மேசை எவ்வளவு கோணலாக இருந்தாலும் கோடுகள் ஒரு புள்ளியில் கூடிவிடும். ஒரே நாண் வட்டத்தில் தாங்கும் கோணங்கள் சமம் அல்லவா? தப்பு, சரி போலவே காட்டும். எனவே 'மயக்க வட்டம்' என்கிறேன்.

> எனவே 'மயக்க வட்டம்' என்கிறேன்.

ஐயா, காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. சித்திரை வெயிலில் மலையேறுகிறவருக்கு மயக்கம் என்றால் வேறு பொருள்!

ட்ரேசிங் பேப்பரில் ஒரு புள்ளியிலிருந்து மூன்று முகடுகளையும் நோக்கி மூன்று கோடு இழுத்து வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நல்ல இடமென்றால் ஒரே நிலையில்தான் பொருந்தும். இந்த வட்டத்தில் தாள் வட்டத்தோடு நழுவிக்கொண்டே போகும், எங்கும் பொருந்தும். அதனால் 'நழுவுவட்டம்'. நழுவுவது தாள்தானே என்பீர்கள். 'உறைவிடம்' என்கிறோமே, இடமா உறைகிறது?

வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் இதே தொல்லை: பிழை முக்கோணம் சின்னதாக இருக்கும், இடம் வெகுவாகத் தப்பும். ஆலங்காயத்தில் மேசை போட்டால் மேற்கே ஏலகிரி, கிழக்கே ஜவ்வாது, வடக்கே ஆம்பூர் மலை என்று மூன்று பக்கமும் முகடு பிடிக்கலாம். நாம் முக்கோணத்துக்கு உள்ளே நிற்போம், கவலையில்லை. எல்லா முகடும் ஒரே பக்கம் இருந்தால் நடுமுகடு மற்ற இரண்டையும்விட நமக்குக் கிட்டத்தில் இருக்கட்டும். நான்காவது முகடு ஒன்றைப் பார்த்துச் சரிபார்ப்பது எப்போதும் நல்லது.

> அதனால் 'நழுவுவட்டம்'.

வினைத்தொகையாக நன்றாகவே நிற்கிறது. என் சொல்லை விட்டுவிடுகிறேன். சேர்த்தே எழுதுவோம், பிரித்தால் 'நழுவு' ஏவலாகிவிடும்.