உதவி: வானியல் கோபுரத்தில் ஸ்னேப் மறுத்துவிட்டால் கதையை எப்படி நகர்த்துவது?

நிலவறை_வாசகர்:
வணக்கம். ஹாரி பாட்டர் உலகத்தை வைத்து ஒரு மாற்றுக்கதை எழுதுகிறேன். 1997 ஜூன், வானியல் கோபுரம். மூலக்கதையில் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரை அங்கே ஸ்னேப் கொல்வார். வில்லன் வால்டமார்ட்டின் கூட்டத்தில் டம்பிள்டோருக்காக ஒற்றராக இருக்கும் ஆசிரியர் அவர். என் கதையில் அவர் மறுத்துவிடுகிறார். திருப்பம் பிடித்திருக்கிறது, ஆனால் மூன்று அத்தியாயம் தாண்டினால் கதை முட்டி நின்றுவிடுகிறது. பேசாமல் 1996 கோடையில் மாணவன் டிராக்கோவின் தாய் நார்சிஸாவுக்கு, அவனிடம் ஒப்படைத்த அந்தக் கொலையை அவனால் முடியாவிட்டால் தானே முடிப்பதாகக் கொடுத்த முறிக்க முடியாத சத்தியத்தையே அவர் கொடுக்கவில்லை என்று மாற்றிவிடலாமா?

வெள்ளிமான்:
சத்தியத்தை எடுத்துவிட்டாலும் டம்பிள்டோர் பிழைக்கமாட்டார். வரிசையைப் பாருங்கள்: சபிக்கப்பட்ட மோதிரம் ஒன்றை டம்பிள்டோர் அணிய, அதன் சாபம் முதலில் அவர் கையைக் கருக்குகிறது. ஸ்னேப் அதை ஒரு கையோடு கட்டிவைத்து, ஏறக்குறைய ஓர் ஆண்டுதான் என்று கெடு சொல்கிறார். தன்னைக் கொல்லும்படி டம்பிள்டோர் கேட்பதும் அந்த உரையாடலிலேயே. நார்சிஸா வந்து நிற்பது அதற்குப் பிறகு. அந்தக் காட்சியில் ஸ்னேப்பே நார்சிஸாவின் அக்கா பெல்லாட்ரிக்ஸிடம் டம்பிள்டோரின் காயத்தைக் குறிப்பிடுகிறார். ஆக, சத்தியம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைக்கு உயிர்ப்பிணை வைக்கிறது, அவ்வளவுதான். அதை நீக்கினால் உங்களுக்கு மிஞ்சுவது பெல்லாட்ரிக்ஸின் சந்தேகம் மட்டும். கோபுரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பிணையும் இருக்கட்டும். மறுத்தால் தன் உயிர் போகும் என்று தெரிந்தே மறுக்கும்போதுதான் அந்த முடிவுக்குக் கனம் வரும்.

மைக்கறை:
இன்னொன்றும் முக்கியம். ஸ்னேப் படியேறி வரும் முன்பே டிராக்கோ டம்பிள்டோரின் மந்திரக்கோலைத் தட்டிவிட்டான். டம்பிள்டோர் வைத்திருந்த, தன் உடையவரை வெல்பவருக்கே கட்டுப்படும் எல்டர் மந்திரக்கோலின் உரிமை அந்த நொடியிலேயே டிராக்கோவுக்குப் போய்விட்டது. ஸ்னேப் என்ன செய்தாலும் அது மாறாது. அங்கே வால்டமார்ட்டின் ஆட்களான அமைகஸ் கேரோ, அலெக்டோ கேரோ, கிரேபேக் எல்லாரும் நிற்கிறார்கள். டம்பிள்டோர் கையில் கோல் இல்லை, குகையில் குடித்த திரவத்தால் நிற்கவே முடியவில்லை. அவர்களில் ஒருவர் கொன்றுவிடுவார். அமைகஸ் கொன்றான் என்று வைத்தால் 1998 மே மாதத்தில் வால்டமார்ட் தன் பாம்பு நாகினியை ஏவப்போவது அமைகஸ் மீது, ஏனென்றால் கொன்றவனே கோலுக்கு உரியவன் என்பதுதான் அவன் கணக்கு. அது அப்போதும் தப்புக்கணக்காகவே இருக்கும்.

நிலவறை_வாசகர்:
அப்படியானால் டம்பிள்டோர், ஸ்னேப் இரண்டு பேரும் கோபுரத்திலேயே போய்விடுகிறார்கள். பிறகு கதையில் என்னதான் மாறுகிறது?

வெள்ளிமான்:
நீங்கள் முட்டி நிற்பது இங்கேதான். அடுத்த பத்து மாதம் ஸ்னேப் யாருக்கும் தெரியாமல் செய்த வேலைகளுக்கு இப்போது ஆள் இல்லை. மூன்று வேலைகளுக்கு நீங்கள் பதில் வைத்தே ஆகவேண்டும்.

முதலில் வாள். வால்டமார்ட்டின் ஆன்மாத் துண்டு அடங்கிய லாக்கெட்டை உடைத்தது அதுதான். ஹெர்மயனி டீன் காட்டின் பெயரைச் சொன்னதை பழைய தலைமை ஆசிரியர் ஃபினியஸ் நைஜெலஸின் பேசும் ஓவியம் கேட்டு, தலைமை ஆசிரியர் அறையில் இருந்த ஸ்னேப்பிடம் சொன்னது. அப்படித்தான் வாள் ஹாரி கண்டெடுத்த காட்டுக் குளத்துக்கு வந்தது. அந்த நாற்காலியில் ஒரு கேரோ உட்கார்ந்தால் வாள் வராது, லாக்கெட் உடையாது. ரகசிய அறையில் கிடக்கும் பாசிலிஸ்க் என்ற ராட்சதப் பாம்பின் நச்சுப் பற்களைப் பயன்படுத்தலாம். ஆனால் ரான் அந்த அறையைத் திறந்ததே, லாக்கெட்டைத் திறக்க ஹாரி பேசிய பாம்புமொழியைக் காதில் வாங்கி வைத்திருந்ததால்தான். லாக்கெட் திறக்கப்படவில்லை என்றால் ஹாரியே நேரில் போகவேண்டும்.

அடுத்தது, ஹாரியைப் பாதுகாப்பாக இடம்மாற்ற ஆறு பேர் அவன் உருவம் எடுக்கும் ஏழு ஹாரிகள் திட்டம். டம்பிள்டோர் குழுவைச் சேர்ந்த மண்டங்கஸ் மனதில் அதை விதைத்தவர் ஸ்னேப். இதை அதே குழுவின் மேட்-ஐ மூடி என்ற பாத்திரமே சமாளித்துவிடலாம்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: தனக்குள்ளும் வால்டமார்ட்டின் ஆன்மாத் துண்டு இருப்பதால் தான் சாகவேண்டும் என்பதை ஹாரிக்கு யார் சொல்வது? ஸ்னேப்பின் நினைவைப் புட்டியில் அடைத்து ஆசிரியை மெக்கொனகலிடம் கொடுத்துவைக்கலாம். ஆனால் சீக்கிரம் திறக்கக்கூடாது. வால்டமார்ட் நாகினியைக் காவல் மந்திரத்துக்குள் பக்கத்திலேயே வைக்கத் தொடங்கிய பிறகே சொல்லவேண்டும் என்பது டம்பிள்டோரின் கண்டிப்பு. முன்பே தெரிந்தால் ஹாரிக்குத் தாங்கும் தெம்பு இருக்காது என்று அவர் நினைத்தார். அந்த நிபந்தனையையும் புட்டியோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

பழுப்பேடு:
எல்லாரும் விளைவையே பேசுகிறீர்கள். காரணம்? அவர் ஏன் மறுக்கிறார் என்பது நிற்காவிட்டால் மற்றது எதுவும் நிற்காது. மூலத்திலேயே விதை கிடக்கிறது. டம்பிள்டோர் பலவற்றைத் தன்பாட்டுக்கு எடுத்துக்கொள்கிறார், தனக்கு இனி இதைச் செய்ய விருப்பமில்லாமலும் போகலாம் என்று ஸ்னேப் காட்டோரத்தில் சண்டையிட்டதை பள்ளிக் காவலர் ஹாக்ரிட் கேட்டார். கொலை டிராக்கோவின் ஆன்மாவைக் கெடுக்குமே என்று டம்பிள்டோர் கவலைப்பட்டபோது, அப்படியென்றால் தன் ஆன்மா என்று ஸ்னேப் கேட்ட கேள்வியும் இருக்கிறது. தான் நேசித்த லில்லியின் மகன் ஹாரியை இத்தனை ஆண்டு காத்தது உரிய நேரத்தில் சாகக்கொடுக்கத்தானா என்று அவர் அதிர்ந்ததும் அந்தச் சண்டை நடந்த அன்று இரவுதான். மறுப்பை அங்கேயே தொடங்குங்கள். திடீரென்று கோபுரத்தில் நல்லவராக மாறினால் யாரும் நம்பமாட்டார்கள்.

பின்னோக்கிப் போய், லில்லி கொல்லப்பட்ட 1981-ஐத் தொடவேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். லில்லியை விட்டுவிடும்படி வால்டமார்ட்டிடம் அவர் கெஞ்சியது சுயநலம்தான். அவள் கணவன் ஜேம்ஸையும் குழந்தையையும் அவர் கேட்கவே இல்லை. ஆனாலும் அதனால்தான் லில்லிக்கு விலகிப்போக ஒரு வாய்ப்பு வந்தது, அவள் அதை உதறியதால்தான் ஹாரிக்குக் காப்பு கிடைத்தது. அந்தக் கெஞ்சலை எடுத்தால் குழந்தையும் சாகும், தொடரே இல்லை.

நிலவறை_வாசகர்:
காட்டோரச் சண்டையிலிருந்து தொடங்குகிறேன். சத்தியத்தை மீறினால் மரணம் எவ்வளவு வேகமாக வரும்?

மைக்கறை:
மீறினால் சாவு என்று மட்டுமே ரான் சொல்கிறான், நேரக்கணக்கு கிடையாது. அது உங்கள் கையில். அரை நிமிடம் கொடுங்கள். டிராக்கோவின் கோலைப் பறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பறித்தால் எல்டர் கோலின் உரிமை ஸ்னேப்புக்கு நகர்ந்துவிடும். மறைக்கும் மேலங்கிக்குள் டம்பிள்டோரின் மந்திரத்தால் உறைந்து நிற்கும் ஹாரி அந்த அரை நிமிடத்தை முழுக்கப் பார்ப்பான்.